காலையில ஒண்ணு, ராத்திரி ஒண்ணு

பேசாதீங்க அண்ணாச்சி, பேசாதீங்க. அந்தக் கன்னம் இருக்கிற இருப்புக்கு நீங்க வாயைத் திறந்தா எனக்கே வலிக்குது. தலையை மட்டும் ஆட்டுங்க, போதும். உங்க நம்பர் நாலு. இப்பத்தான் ரெண்டாம் நம்பர் உள்ள போயிருக்கு. அந்த ஆளு போயிலை போடுறவரு, அதனால முக்கால் மணி நேரம் ஆகும். பல்லுக்குக் கால் மணி, பேச்சுக்கு அரை மணி. இங்கன இப்ப அப்படித்தான். நீங்க ஃபேனுக்கு நேரா வந்து உக்காருங்க. நான் கொஞ்சம் எரிஞ்சு விழுந்தாலும் கண்டுக்கிடாதீங்க, ரெண்டு நாளா உடம்பு ஒரு மாதிரியா இருக்கு.

இருபத்திரெண்டு வருசமா நான் இங்கன இருக்கேன். சாத்தூர்ல சீனிச்சாமின்னு கேட்டா ஒருத்தருக்கும் தெரியாது, பல்லாஸ்பத்திரி சீனின்னு கேட்டா பஸ் ஸ்டாண்டுலயே கையைக் காட்டிவிடுவாங்க. முன்னால இருந்தது பெரிய டாக்டர், தெய்வநாயகம் அய்யா. அவரு டாக்டர். மூணு நிமிசத்துல பல்லு கையில வந்துரும். வெந்நீர்ல உப்புப் போட்டுக் கொப்புளி, அடுத்த ஆளை வரச்சொல்லு. அவ்வளவுதான் அவரு பேச்சே. ஒருத்தன் வாயைத் திறந்தா போயிலை வாடை ஆளைத் தூக்கும். அய்யா முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கிட்டு வேலையைப் பாப்பாரு. ஏன் போடுறே, எதுக்குப் போடுறேன்னு ஒரு வார்த்தை கேட்டதில்ல. ஒருத்தன் வாயில என்ன போடுறாங்கிறது அவன் பாடு. பல்லு டாக்டருக்குப் பல்லோட சோலி.

அவரு வயசாகி மகன்கிட்டப் போனப்புறம் இந்தம்மா வந்துச்சு. கோவில்பட்டிக்காரப் பிள்ளை, டாக்டர் கிருபா. வந்த முதல் வாரமே ஒரு தாளை அச்சடிச்சுட்டு வந்து நின்னுச்சு. பீடி, சிகரெட், போயிலை, பாக்குத்தூள் ஏதாவது உண்டா, எத்தனை வருசமா, நாளைக்கு எத்தனை, விடணும்னு நினைச்சதுண்டா. இதையெல்லாம் கேட்டுட்டுத்தான் வாயைத் திறக்கச் சொல்லுமாம். பல்லு வலி தாங்காம கன்னத்தைப் பிடிச்சுக்கிட்டு வந்தவன்கிட்ட போலீஸ் ஸ்டேசன் மாதிரி விசாரணை. ஆளுங்க பேந்தப் பேந்த முழிச்சுட்டு என்னைப் பாப்பாங்க. சும்மா கேக்கும், சரி சரின்னு தலையை ஆட்டிட்டு வாங்கன்னு நான்தான் வெளிய வச்சுத் தைரியம் சொல்லி அனுப்புவேன். எத்தனை பேருக்குச் சொல்லியிருக்கேன் தெரியுமா?

அதோட விட்டுச்சா? கையில ஒரு கண்ணாடியைக் குடுத்து, உன் கன்னத்து உள்பக்கத்தை நீயே பாருன்னு சொல்லும். ஆயுசுல அந்த இடத்தை எவன் பாத்திருக்கான்? பாத்துட்டு அவன் வேர்த்துப் போவான். அப்புறம் இது காலண்டரை எடுக்கும். என்னைக்கு விடப்போறீங்க, நீங்களே ஒரு நாள் சொல்லுங்கன்னு கேக்கும். நம்ம ஆளுங்க சும்மா இருப்பாங்களா? ஒருத்தன் அஷ்டமி வேண்டாம்பான். ஒருத்தன் ஆடி கழியட்டும்பான். ஒருத்தன் இருக்கன்குடி மாரியம்மன் கொடை முடிஞ்சு பாத்துக்கிடுவோம்பான். இந்தம்மாவும் சளைக்காம, சரிண்ணே, அப்ப அடுத்த புதன் நல்லாருக்கான்னு பக்கத்தைப் புரட்டும். கல்யாணத்துக்கு நாள் குறிக்கிற மாதிரி. நான் தலையில அடிச்சுக்குவேன்.

அப்புறம் சோம்பு, கிராம்பு, ஏலக்காய். வாய் நமநமன்னா இதை மெல்லுங்கன்னு பொட்டலம் போட்டுக் குடுக்கும். அந்த டப்பாவைக் கொண்டாந்து என் மேசை மேல வச்சிருக்கு பாத்தீங்களா? வேற எங்க வச்சாலும் ஆகாதாம், அண்ணே கைக்கு எட்டுற மாதிரி இங்கதான் இருக்கணுமாம். பல்லாஸ்பத்திரியா, பலசரக்குக் கடையான்னு வர்றவன் கேக்கிறான்.

சரி, உங்ககிட்ட மறைக்க என்ன இருக்கு. நான் இருபத்திநாலு வருசமாப் போயிலை போடுறவன். இங்கன வேலைக்கு வர்றதுக்கு முன்னாலருந்தே. கீழ் உதட்டுக்குள்ள அடக்கிட்டா வெளிய தெரியவே தெரியாது. இந்தம்மா வந்து எல்லாரும் மாஸ்க் போடணும்னு சட்டம் போட்டுச்சு, அது எனக்கு இன்னும் வசதியாப் போச்சு. ஊர்ல இருக்கிறவன் வாயையெல்லாம் பாத்து ஜாதகம் சொல்ற டாக்டருக்கு, நாலடி தள்ளி நிக்கிறவன் வாய் தெரியல பாருங்க. இன்னைக்கு வரைக்கும் தெரியாது. ரெண்டு மூணு தடவை, அண்ணே நீங்களும் ஒரு நாள் சேர்ல உக்காருங்க, ஒரு பார்வை பாத்துருவோம்னுச்சு. மரியாதைக்குச் சொல்றது. எனக்கு என்ன கேடு? கொஞ்ச நாளாக் காரம் மட்டும் ஆகல, வாயில வச்சா எரியுது. சூட்டு உடம்பு. மோர்ச்சோறு சாப்பிட்டுச் சமாளிக்கிறேன்.

போன் விசயத்துக்கு வாரேன். நாள் குறிச்சுட்டுப் போறவனுக்கு இங்கிருந்து போன் பண்ணணுமாம். முதல் நாள் ஒரு போன், மூணாவது நாள் ஒண்ணு, ஏழாவது நாள் ஒண்ணு, ஆறு வாரம் கழிச்சு ஒண்ணு. மூணாவது நாள்தான் ரொம்ப முக்கியம்ணே, அன்னைக்குத்தான் மனுசன் ஆடிப் போவான், அன்னைக்கு ஒரு குரல் கேட்டாப் போதும்னு எனக்குப் பாடம் நடத்துச்சு. ஒரு நீல நோட்டைக் கோடு போட்டுக் குடுத்து, நீங்கதான் பண்ணணும்னுச்சு. நான் எதுக்கு, நீங்களே பேசுங்களேன்னு சொன்னேன். "நான் பேசுனா டாக்டர் பேசுற மாதிரி இருக்கும்ணே. நீங்க பேசுனாத்தான் நம்ம ஆளு பேசுற மாதிரி இருக்கும்"னுச்சு. ஐஸ் வைக்குது, எனக்குத் தெரியாதா? தனக்குச் சோம்பேறித்தனம், என் தலையில கட்டுது.

முதல் வாரம் நாலு பேருக்குப் பண்ணிப் பாத்தேன். பண்ணலேன்னு யாரும் சொல்ல முடியாது. ஒருத்தன் வீட்டுல பொம்பளை எடுத்து, அவரு இப்பத்தான் கடைக்குப் போயிருக்காரு, எதுக்குன்னு உங்களுக்கே தெரியும்னுச்சு. ஒருத்தன், விட்டேன் சார், காலையில ஆறு மணிக்கு விட்டேன், ஏழு மணிக்குப் பிடிச்சுட்டேன்னு சிரிக்கிறான். ஒண்ணு ராங் நம்பர். நாலாவது ஆளு, உனக்கு வேற வேலை இல்லையான்னு கேட்டான். நியாயமான கேள்வி. பேச்சைக் கேட்டு எவன் அண்ணாச்சி போயிலையை விட்டிருக்கான்? என் வீட்டுல என் பேச்சை என் பொண்டாட்டி கேக்கிறாளா, என் மகன் கேக்கிறானா? டிவி சத்தத்தைக் குறைங்கன்னு சொன்னாக் கூட்டி வைக்கிறாங்க. முன்னப்பின்ன தெரியாத ஒருத்தன் போன்ல ஒரு சொல்லுச் சொன்னாக் கேட்டுருவானா?

அதுக்கப்புறம் நான் போன் பண்ணல. நோட்டுல மட்டும் டிக் போட்டேன். நீங்க தலையை ஆட்டாதீங்க, முழுக்கக் கேளுங்க. எல்லாரும் விட்டாச்சுன்னு போட்டாச் சந்தேகம் வரும்ல? அதனால நடுவுல நடுவுல ஒருத்தனை விடாம வச்சேன். ஒருத்தன் விட்டுட்டு மறுபடி ஆரம்பிச்சான்னு எழுதினேன், பாக்கிறதுக்கு இயற்கையா இருக்கட்டும்னு. ஒரு வருசத்துல அறுபத்தோரு பேரு, அதுல நாப்பத்திமூணு பேரு விட்டாச்சு. இந்தம்மாவுக்கு வாயெல்லாம் பல்லு. நோட்டைத் தூக்கிட்டுப் போய் என்னமோ கணக்கெல்லாம் போட்டு, மதுரையில பல் டாக்டருங்க கூட்டம் ஒண்ணு, அதுல பேசப் போறேன்னுச்சு. முதல் பக்கத்துலயே உங்க பேரைத்தான்ணே போட்டிருக்கேன்னு காட்டுச்சு. கம்ப்யூட்டர்ல இங்கிலீசுல என் பேரு. படிச்ச புள்ள, காதுல இவ்வளவு பெரிய பூவைச் சுத்துனாலும் தெரியலையேன்னு நினைச்சேன்.

இப்ப அந்த வெயிலுமுத்துக் கதையைச் சொல்றேன். அதுக்குத்தான் இவ்வளவும்.

தை மாசம் வந்தான். வெடியாபீஸ்ல வேலை, பட்டாசுக்கு மருந்து செலுத்துற ரூம்ல. நாப்பத்தஞ்சு வயசு இருக்கும். பொண்டாட்டி இல்ல, காலேஜ் போற ஒரே மக. வெடியாபீஸ்ல பீடி, தீப்பெட்டியெல்லாம் கேட்டுலயே தடவிப் பாத்துப் பிடுங்கிருவாங்க, அது உங்களுக்கே தெரியும். அதனால அங்க எல்லாருமே போயிலைதான். இவன் நாளைக்குப் பதினாலு பொட்டலம். கடவாய்ப் பல்லு வலின்னு வந்தான். வாயில விரலை வச்சாக் கூடக் கடிக்கத் தெரியாத ஆளு. டாக்டர் கேள்வி கேக்கக் கேக்க, ஆமாம்மா ஆமாம்மான்னு ஒண்ணு விடாம ஒப்பிக்கிறான். இடது கன்னத்து உள்பக்கம் வெள்ளையா ஒரு படை இருந்துச்சு, ஒரு ரூபாத் துட்டு அகலம். இப்ப விட்டுட்டா இது ஆறு வாரத்துல தானா மறைஞ்சு போக வாய்ப்பிருக்கு, விடலேன்னா எங்க கொண்டு போய் விடும்னு சொல்ல முடியாதுன்னு இந்தம்மா சொல்லுச்சு. அவன் கண்ணாடியில பாத்தான். கண்ணுல தண்ணி. என் மகளுக்கு நான் ஒருத்தன்தான்மா இருக்கேன், என்ன சொன்னாலும் செய்யுறேன்னான்.

தைப்பூசம் முடிஞ்ச மறுநாளைக் குறிச்சுக் குடுத்தாங்க. வெடியாபீஸுக்குள்ள போன் கொண்டு போகக் கூடாது, கேட்டுல வாட்ச்மேன்கிட்டக் குடுத்துரணும். அதனால மத்தியானம் ஒரு மணி, சோத்துக்கு விடுற நேரத்துக்குப் பண்ணுங்க, நான் கேட்டுக்கு வந்து நிக்கிறேன்னு சொல்லிட்டுப் போனான். ஆறு வாரம் கழிச்சு எப்ப வரணும்னு கேட்டான். நாங்களே போன்ல கூப்பிடுவோம், அப்ப வந்தாப் போதும்னு இந்தம்மா சொல்லுச்சு.

நான் பண்ணல. முதல் நாளும் பண்ணல, மூணாவது நாளும் பண்ணல. அறுபத்தோரு பேர்ல அவனும் ஒரு ஆளு.

மூணாவது நாளு, மணி ஒண்ணே கால் இருக்கும், இங்கன உக்காந்து மோர்ச்சோறு சாப்பிட்டுக்கிட்டிருக்கேன். டாக்டரம்மா சாப்பிட வீட்டுக்குப் போயிருச்சு. போன் அடிக்குது. எச்சிக் கையோட எடுத்தேன். இவன்தான். சார், இன்னைக்கு எனக்கு மூணாவது நாளு, ஒரு மணிக்குப் போன் வரும்னாங்க, வரல, அதான் நானே பண்ணேன்ங்கிறான். முந்தாநாளும் சோத்து நேரம் முழுக்கக் கேட்டுலயே நின்னானாம். குரல் நடுங்குது. தலை சுத்துதாம், கையெல்லாம் ஆடுதாம், காலையில ஒண்ணுமில்லாததுக்கு மகளைப் போட்டு ஏசிட்டானாம். மருந்து செலுத்துற கை ஆடுனா என்ன ஆகும், உங்களுக்குச் சொல்லணுமா? ஃபோர்மேன் பாத்துட்டு வெளிய போய் உக்காருன்னு அனுப்பிட்டாராம். ஒண்ணே ஒண்ணு போட்டுக்கிடட்டுமா சார், டாக்டரம்மாகிட்டக் கேட்டுச் சொல்லுங்கன்னான்.

எனக்கு மோர்ச்சோறு கையில காயுது. நான் சொன்னேன், ஒரேயடியா விட்டா அப்படித்தான் இருக்கும், காலையில சாப்பிட்டு ஒரு சிட்டிகை, ராத்திரி சாப்பிட்டு ஒரு சிட்டிகை வச்சுக்கிடுங்க, மத்த நேரம் வேண்டாம்னு. இருபத்திரெண்டு வருசமா மாத்திரைக் கவர்ல எழுதி, ஆளுங்ககிட்டச் சொல்லிச் சொல்லி வாய்க்குப் பழகிப் போச்சு, அப்படியே வந்துருச்சு. அவன், டாக்டரம்மாவே சொல்லிட்டாங்களா சார்னு கேட்டான்.

ஆமான்னேன்.

வேற என்ன சொல்லச் சொல்றீங்க? சோத்துல கை வச்சிருக்கேன். அவனுக்கும் அந்த நேரத்துக்கு ஒரு ஆறுதல். ரொம்ப நன்றி சார், நல்லாருப்பீங்கன்னு சொல்லிட்டு வச்சான். நான் கையைக் கழுவிட்டு நோட்டை எடுத்து மூணாவது நாள்ல டிக் போட்டேன். ஏழாவது நாளுக்கும் சேத்தே போட்டேன். ஆறு வாரத்துக்கு, விட்டுட்டார், படை மறைஞ்சிருச்சு, வரத் தேவையில்லைன்னு சொன்னேன்னு எழுதினேன். அத்தோட மறந்தும் போனேன்.

இப்ப மதுரைக் கூட்டத்துக்கு இந்தம்மாவுக்குப் போட்டோ வேணும். முன்னால படை இருந்த போட்டோவும், இப்ப மறைஞ்ச போட்டோவும். நோட்டைப் பாத்து அதுவே வெயிலுமுத்துக்குப் போன் பண்ணி வரச் சொல்லிருச்சு. எனக்குச் சொல்லவே இல்ல. முந்தாநாள் சாயங்காலம் அவன் வந்து, இப்ப நீங்க உக்காந்திருக்கிற அதே பெஞ்சுல உக்காந்தப்பத்தான் எனக்கு ஆளு யாருன்னே ஞாபகம் வந்துச்சு. வெள்ளைச் சட்டை போட்டு, தலைக்கு எண்ணெய் வச்சுச் சீவி, என்னமோ பரிசு வாங்க வந்த மாதிரி இருந்தான்.

சேர்ல படுத்தான். நான் எச்சி உறிஞ்சுற குழாயைப் பிடிச்சுக்கிட்டுப் பக்கத்துல நிக்கிறேன். இந்தம்மா சிரிச்சுக்கிட்டே, விட்டு எட்டு மாசம் ஆச்சு, எப்படி இருக்குன்னு கேட்டுச்சு.

"விடலையேம்மா. நீங்க சொன்ன அளவுதான். காலையில ஒண்ணு, ராத்திரி ஒண்ணு. ஒரு நாள் கூட அளவு தாண்டல. என் மகளை வேணும்னாலும் கேட்டுப் பாருங்க."

சட்டைப் பையிலருந்து ஒரு கவரை எடுத்துக் காட்டுறான். இங்கன நம்ம குடுக்கிற மாத்திரைக் கவர் அண்ணாச்சி. தை மாசம் பல்லு வலிக்குக் குடுத்தது. காலைக்கு ஒரு கோடு, ராத்திரிக்கு ஒரு கோடு, என் கையெழுத்து. அதுக்குள்ள ரெண்டு சிட்டிகை போயிலையை ரெண்டு தாள்ல மடிச்சு வச்சிருக்கான். தினமும் காலையில அளந்து எடுத்து வைப்பானாம். கல்யாண வீட்டுல, எழவு வீட்டுல பக்கத்துல இருக்கிறவன் நீட்டுனாக் கூட வாங்கல, டாக்டர் சொன்ன அளவு தாண்டக் கூடாதுன்னு சொல்லிருவேன்ங்கிறான். பதினாலு பொட்டலம் போட்டவன்.

யாரு சொன்னா இந்த அளவுன்னு இந்தம்மா கேட்டுச்சு. அவன் என்னைப் பாத்துச் சிரிக்கிறான். இந்த சார்தான்மா, அன்னைக்கு நான் இருந்த இருப்புக்கு சார் மட்டும் உங்ககிட்டக் கேட்டுச் சொல்லலேன்னா நான் பழையபடி பதினாலுக்கே போயிருப்பேன்னு சொல்லி, படுத்த வாக்குலயே எனக்குக் கையெடுத்துக் கும்பிடுறான்.

எனக்கு அவன் மேலதான் கோபம் வந்துச்சு. மடையன். போன்ல ஒருத்தன் சோத்துக் கையோட எதையோ சொன்னா அதை வேதவாக்கா எடுத்துக்கிடறதா? எட்டு மாசமா? அளந்து? இவ்வளவு ரோசம் இருக்கிறவன் அந்த ரெண்டையும் தானே விட்டிருக்கலாம்ல? எவன் இவனை இப்படிக் கேக்கச் சொன்னான்?

இந்தம்மா விளக்கை இழுத்து வாயைப் பாத்துச்சு. நானும் பாத்தேன். ரெண்டு சிட்டிகையும் அதே இடத்துல அடக்கியிருக்கான். வெள்ளைக்கு நடுவுல சிவந்து, வெடிச்சு, தொட்டா ரத்தம் வருது. மரத்துப் போக ஊசி போட்டு, அதுல ஒரு துளி சதையை எடுத்து மதுரைக்கு அனுப்பியிருக்கு. வெள்ளிக்கிழமைதான் என்னன்னு தெரியும். இனிமே அந்த ரெண்டும் வேண்டாம்னு அவன்கிட்டச் சொல்லுச்சு. அவன் பஞ்சைக் கடிச்சுக்கிட்டே என்னைப் பாத்து, அப்ப அளவை மாத்துறோமா சார்னு கேட்டான். என்கிட்டக் கேக்கிறான். டாக்டர் நிக்குது, என்கிட்டக் கேக்கிறான். நான் குழாயைப் போட்டுட்டு வெளிய வந்துட்டேன்.

அவன் போனப்புறம் இந்தம்மா நீல நோட்டோட வந்து, இதுல நெசமா எத்தனை பேருக்குப் போன் பண்ணீங்கண்ணேன்னு கேட்டுச்சு. நாலு பேருக்குன்னேன். சத்தம் போடும், இன்னையோட வேலையை விட்டுப் போங்கன்னு சொல்லும்னு நினைச்சேன். திட்டியிருந்தா நானும் ரெண்டு வார்த்தை பேசியிருப்பேன், வச்சிருந்தேன். அது நோட்டை மூடி வச்சுட்டு, மதுரைக்கு வரலைன்னு எழுதிருறேன்னுச்சு. கதவு வரைக்கும் போயிட்டுத் திரும்புச்சு.

"நாளைக்கு ஒரு மணிக்கு அவரைக் கேட்டுக்கு வரச் சொல்லியிருக்கேன். நீங்களே சொல்லிருங்க. நான் சொன்னதை விட நீங்க சொன்னதைத்தான் அவரு நம்பியிருக்காரு."

இதைச் சொல்லிட்டு உள்ள போயிருச்சு. என்ன பொம்பளைன்னு தெரியல.

நேத்து ஒரு மணிக்குப் பண்ணேன். ஒரு ரிங் முழுசா அடிக்கல, எடுத்துட்டாரு. கேட்டுலதான் நின்னிருக்காரு. நான் சுத்தி வளைக்கல. அன்னைக்கு டாக்டரம்மா அப்படிச் சொல்லவே இல்ல, நானாச் சொன்னேன், ரெண்டும் வேண்டாம், இப்பவே விட்டுருங்கன்னு சொன்னேன். ஏசுவாருன்னு பாத்தேன். "சரிங்க சார்"னாரு.

அவ்வளவுதான் அண்ணாச்சி. சரிங்க சார். கவரை வாட்ச்மேன்கிட்டக் குடுத்துக் குப்பையில போடச் சொன்னது எனக்கே கேட்டுச்சு. ரெண்டு வார்த்தைக்கு அந்த மனுசன் விட்டுட்டாரு. இதே ரெண்டு வார்த்தையைத் தை மாசம் சொல்லியிருந்தா அன்னைக்கும் சரிங்க சார்னுதான் சொல்லியிருப்பாரு. ஊர்ல எவனும் பொண்டாட்டி சொல்லி, பெத்த மக சொல்லி விடாததை, இவரு நான் சொன்னா விடுவாரு. நான் சொன்னாப் போடுவாரு. ஐம்பத்திரெண்டு வருசத்துல என் பேச்சை ஒருத்தரு முழுசாக் கேட்டிருக்காரு, அவருக்குப் போய் நான் ரெண்டு சிட்டிகை போடச் சொல்லியிருக்கேன்.

வைக்கிறதுக்கு முன்னால ஒண்ணு கேட்டாரு. சார், நீங்களும் விட்டவருதான, உங்களுக்கு எந்த நாளு ரொம்பக் கஷ்டமா இருந்துச்சுன்னு கேட்டாரு. நான் விட்டவன்னு அவருக்கு யாரு சொன்னா? ஆஸ்பத்திரிக்காரன், ஊருக்குச் சொல்றவன், போட மாட்டான்னு அவராவே நினைச்சிருக்காரு. மூணாவது நாளுன்னு சொன்னேன். நோட்டுல அப்படித்தான இருக்கு. அன்னைக்குப் போன் பண்ணுவீங்கள்ல சார்னாரு. சத்தியமாப் பண்ணுவேன்னு சொன்னேன்.

வச்சுட்டு, உதட்டுக்குள்ள இருந்ததைத் துப்புனேன். அதுக்கப்புறம் போடல. இந்தம்மா சொல்லி இல்ல, அது ஒரு வார்த்தை கூடச் சொல்லல. கடை பூட்டியிருந்துச்சுன்னு வச்சுக்கிடுங்களேன். திறந்துதான் இருந்துச்சு. நேத்து ராத்திரி வீட்டுல ஒண்ணுமில்லாததுக்குச் சண்டை. காலையிலருந்து கை பாருங்க, இந்தச் சீட்டுல உங்க பேரையே ரெண்டு தடவை அடிச்சு எழுதியிருக்கேன். இப்ப உங்களைப் பிடிச்சு வச்சு இவ்வளவு பேசுறதும் அதனாலதான். வாயைச் சும்மா வச்சிருக்க முடியல.

அவருக்கு நாளைக்கு மூணாவது நாளு. எனக்கும் நாளைக்குத்தான் மூணாவது நாளு. அவருக்கு ஒரு மணிக்கு நான் பண்ணிருவேன், சோறு கையில இருந்தாலும் பண்ணிருவேன். எனக்கு யாரு அண்ணாச்சி பண்ணுவா? இந்த ஆஸ்பத்திரியில போன் பண்ற ஆளே நான்தான?